கதவு நீங்கலாக

தீபத் திருவிழாவுக்குக் கொடியேறும் நாள் நெருங்கினால் திருவண்ணாமலையே புதுசாகிவிடும். கடைகளுக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள், தேர்களைச் சுற்றியிருக்கும் தகரத்தைப் பிரிப்பார்கள். பாஞ்சாலைக்கு மட்டும் அந்த நாட்கள் வராமலே இருந்தால் தேவலை. வருஷம் முழுவதும் அவளுக்கு வீடு இருந்தது. ஊரே வீடு நிறைய ஆட்களோடு இருக்கும் அந்தப் பத்து நாள்தான் அவளுக்கு வீடு இருக்காது.

ஒத்தவாடைத் தெருவில் ராமதாஸ் என்பவருக்குச் சொந்தமான நீள வீட்டில், ஒரு அறையில் அவளும் புருஷன் காசியும் மகள் வேதாவும் குடியிருந்தார்கள். கொடியேற்றம் வந்தால் ராமதாஸ் எல்லாக் குடித்தனத்தையும் வெளியே அனுப்பிவிட்டு அறைகளை வெளியூர் பக்தர்களுக்கு விடுவார். பத்து நாளில் ஒரு வருஷ வாடகையைப் பார்த்துவிடுவார். இதற்காக யாரும் சண்டை போட்டதில்லை. ஊர் வழக்கம் அது. குடித்தனக்காரர்கள் பாத்திரம் பண்டத்தை ஒரு மூலையில் கட்டி வைத்துவிட்டுச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போவார்கள்.

காசி மாட்டுத் தரகன். தீபத்தை ஒட்டிக் கூடும் மாட்டுச் சந்தையில்தான் அவனுக்கு அந்த வருஷத்துக் கஞ்சி. அதனால் அவர்கள் எங்கும் போக மாட்டார்கள். சந்தை மைதானத்தில் கூண்டு வண்டியை நிறுத்தி, அதன் கீழேயே சமைத்து, அங்கேயே படுப்பார்கள். கல்யாணமான புதிதில் பாஞ்சாலைக்கு அது பிடித்துக்கூட இருந்தது.

போன வருஷம்தான் எல்லாம் மாறியது. வேதாவுக்கு அப்போது ஐந்து வயசு. பிறந்ததிலிருந்தே இழுப்பு. குளிர்காற்று பட்டால் நெஞ்சுக்குள் கோழிக்குஞ்சு கத்துகிற மாதிரி சத்தம் வரும். அந்த வருஷம் தீபத்துக்கு மழை விடவே இல்லை. மைதானம் சேறானது. வண்டிக்கு அடியில் தண்ணீர் ஓடியது. குழந்தையின் உதடு நீலமாவதைப் பார்த்த பாஞ்சாலை அவளைத் தோளில் போட்டுக்கொண்டு பே கோபுரத் தெரு முழுக்க ஒவ்வொரு கதவாகத் தட்டினாள். எல்லா வீட்டிலும் ஆள். எல்லா வாயிலும் ஒரே பேச்சு: "எடமில்லம்மா, வாடகைக்கு வுட்டாச்சு." கடைசியில் டீக்கடை கண்ணாயிரம்தான், "அடுப்பாண்ட உக்காரு தாயி" என்று ஒரு கோணியை விரித்துப் போட்டார். அந்தச் சூட்டில்தான் குழந்தைக்கு மூச்சு திரும்பியது.

அன்றைக்கு அவள் மனசுக்குள் ஒன்றைச் சொல்லிக்கொண்டாள். அடுத்த தீபத்துக்கு என் பொண்ணு ஒரு கூரைக்குள்ள இருக்கணும். வேறு எதையும் அவள் கேட்கவில்லை.

ஐப்பசி பாதியில் ராமதாஸ் வந்து வாசலில் நின்றார்.

"காசி, கொடியேத்தத்துக்கு முன்னாடி ரூமைக் காலி பண்ணிடுப்பா."

"எப்பவும் பண்றதுதானே மொதலாளி. தீபம் முடிஞ்சி வந்துடறோம்."

"வர வேணாம். மொத்தமா லாட்ஜு ஆக்கப் போறேன். இனிமே வருசம் பூரா வெளியூரு ஜனந்தான்."

காசி சிரித்தான். அவனுக்கு அதிர்ச்சி வந்தால் சிரிப்புதான் வரும். பாஞ்சாலைதான் கேட்டாள். "இந்த நேரத்துல சொன்னா நாங்க எங்கங்க போவோம்?"

"உனக்கின்னாமா, புருசன் வண்டி வச்சிருக்கான்" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

தீபத்துக்கு முன்னால் திருவண்ணாமலையில் யார் வாடகைக்கு வீடு தருவார்கள்? பாஞ்சாலை ஏறி இறங்காத படி இல்லை. "தை மாசம் வா" என்றார்கள். ஒரு வீட்டில் அறையைத் திறந்தே காட்டினார்கள். சாவியை நீட்டும் நேரத்தில் வேதா இருமினாள். வீட்டுக்காரி சாவியை மடியில் செருகிக்கொண்டாள். "டி.பி.யா?" என்றாள். "இல்லிங்க, இழுப்புதான்" என்று பாஞ்சாலை சொல்லி முடிப்பதற்குள் கதவு சாத்தியாகிவிட்டது.

மறுபடியும் கண்ணாயிரம்தான் வழி சொன்னார். "பே கோபுரத்துக்குப் பின்னால, மலையோரமா எல்லம்மாள்னு ஒருத்தி வூடு வெலைக்கு வருது. எட்டாயிரம் சொல்றா. ஆனா போய்ப் பாத்துட்டு என்னைத் திட்டாதே."

திட்டுகிற மாதிரிதான் இருந்தது. முன்னே ஒரு அறை, பின்னே ஒரு அறை. கூரையில் பாதி ஓடு இல்லை. மலையிலிருந்து இறங்குகிற மழைத் தண்ணீர் பின் சுவரில் மோதி மோதி, சுவர் கர்ப்பிணி வயிறு மாதிரி உள்ளே உப்பியிருந்தது. தரையில் பாசி. முதல் நாள்தான் நல்ல மழை பெய்திருந்தது. பாஞ்சாலை முன்னறைக்குள் போய் ஒவ்வொரு இடமாக உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். கிழக்கு மூலையில் கை வைத்தபோது சில்லென்று இல்லை. திரும்ப வைத்துப் பார்த்தாள். காய்ந்த தரை. ஒரு பாய் போடுகிற அளவுக்கு இருந்தது.

"இதான் நம்ம வூடு" என்றாள்.

"உனக்கு இன்னா பைத்தியமா?" என்றான் காசி.

ஆனாலும் அந்த வாரமே அவன் தன் ஜோடி மாட்டை விற்றான். ஊர் மாட்டையெல்லாம் நல்ல விலைக்குத் தள்ளிவிட்டவன், தன் மாட்டைக் கம்மி விலைக்குக் கொடுத்தான். அவசரம் முகத்தில் தெரிந்தால் விலை படியாது என்று பத்துப் பேருக்குப் புத்தி சொன்னவன்தான். அவன் முகத்திலும் அது தெரிந்துவிட்டது. பாஞ்சாலையின் சங்கிலியையும் போட்டு, சிறுவாட்டையும் கொட்டி, எல்லாம் சேர்ந்து ஐயாயிரம் தேறியது. அதற்கு மேல் ஒரு ரூபாய்க்கு வழி இல்லை.

ஐயாயிரத்தை வைத்துக்கொண்டு எட்டாயிரம் சொல்கிற வீட்டைப் பேசப் போனார்கள். கண்ணாயிரமும் கூட வந்தார். எல்லம்மாள் வாசல் கதவில் சாய்ந்தபடி உட்கார்ந்திருந்தாள். அறுபது வயசு இருக்கும். புருஷன் தருமன் செத்து இரண்டு வருஷம். கீழ்பென்னாத்தூரில் மகள் வீட்டோடு போய்விடப் போகிறாள் என்று கண்ணாயிரம் முன்பே சொல்லியிருந்தார்.

காசிக்கு விலை பேச ஒரு வழிதான் தெரியும், சந்தை வழி. சந்தையில் மாட்டைப் பிடித்திருந்தால் அதைப் பழிக்க வேண்டும். பல்லைப் பார்த்து உதட்டைப் பிதுக்க வேண்டும், வாலைத் தூக்கிப் பார்த்து முகம் சுளிக்க வேண்டும். விற்கிறவனும் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டான். பழித்தால்தான் வாங்க வந்தவன் என்று அவனுக்குத் தெரியும்.

"இன்னாம்மா இது, கூரையா கொசுவலையா?" என்று ஆரம்பித்தான் காசி. எல்லம்மாள் பேசாமல் இருந்தாள். "பின் சுவரு இப்பவோ அப்பவோன்னு நிக்குது. அடுத்த மழைக்கு மலையே வூட்டுக்குள்ள வந்துடும்." அதற்கும் அவள் பேசவில்லை. "ஓடு மாத்தணும், சுவரு எடுக்கணும், தரை போடணும். சும்மா குடுத்தாக்கூட நாங்கதான் நஷ்டப்படணும்."

"மேல சொல்லு" என்றாள் எல்லம்மாள்.

அவன் வாசல் கதவுக்கு வந்தான். பித்தளைக் குமிழ் வைத்த ஒற்றைக் கதவு. விரலை மடக்கி, பூசணிக்காயைத் தட்டுகிற மாதிரி தட்டினான். "இதுவும் உள்ள பூச்சி அரிச்சிருக்கும். அடுப்புக்குத்தான் ஆவும்."

எல்லம்மாள் எழுந்தாள். அவள் கை தானாகக் கதவின் மேல் போனது. காசி அதைக் கவனிக்கவில்லை. விலை படிகிற நேரம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டான். இருபது வருஷப் பழக்கம் அவன் கையை இழுத்தது. தோளில் இருந்த துண்டை எடுத்தான். வலது கையின் மேல் போட்டான். மூடிய கையை அந்தக் கைம்பெண்ணை நோக்கி நீட்டினான்.

சந்தையில் அது சாதாரணம். துண்டுக்குள் இரண்டு பேரும் கையைப் பிடித்து, விரலைத் தொட்டுத் தொட்டு விலை சொல்லுவார்கள். சுற்றி நிற்பவர்களுக்குத் தெரியாது. ஆனால் இது சந்தை இல்லை. எதிரே நின்றவள் மாட்டுக்காரனும் இல்லை.

"இன்னாடா இது?" என்றாள் எல்லம்மாள், துண்டைப் பார்த்து.

கண்ணாயிரம் தலையில் அடித்துக்கொண்டார். காசிக்கு அப்போதுதான் உறைத்தது. கையை இழுத்துக்கொள்வதற்குப் பதிலாக அவன் சிரித்தான்.

"எம் புருசன் போய்ட்டா எவன் வேணா வந்து கையைப் புடிப்பானா? மாட்டைப் பாக்க வந்தியா, வூட்டைப் பாக்க வந்தியா, இல்ல என்னைப் பாக்க வந்தியா? எறங்குடா படியை!"

"யம்மா, பழக்க தோசம்மா, மன்னிச்சிக்..."

"எறங்குன்னேன்!"

பக்கத்து வீட்டு ஆட்கள் எட்டிப் பார்க்க, மூன்று பேரும் தெருவில் இறங்கி நடந்தார்கள். தெருமுனையைத் தாண்டினார்கள். பிறகு கண்ணாயிரம் மெதுவாகச் சொன்னார். "வாலைத் தூக்கிப் பாக்காம வுட்டியே, அந்த மட்டுக்கும் சந்தோசம்." பாஞ்சாலைக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் அந்தத் துண்டைப் பிடுங்கி அடுப்புப் பக்கம் வீசினாள். "ஒரு வூடு இருந்துச்சி. ஒண்ணே ஒண்ணு. அதையும் துண்டு போட்டு மூடிட்டியேயா!"

இரண்டு நாள் கழித்துக் கண்ணாயிரம் இன்னொரு சேதி கொண்டுவந்தார். ராமதாஸ் அந்த வீட்டுக்கு ஏழாயிரம் பேசியிருக்கிறார். இடித்துவிட்டு லாட்ஜுக்கு இன்னொரு கட்டடம் கட்டுவாராம். பணத்தில் பாதி இப்போது, மீதி தீபம் முடிந்த பிறகு. எல்லம்மாள் இன்னும் சரி என்று சொல்லவில்லை. யோசிக்கிறாள்.

பாஞ்சாலை கண்ணாயிரத்திடம் ராமதாஸ் பெயரை இன்னொரு தரம் கேட்டுக்கொண்டாள். இருக்கிற அறையையும் அவர்தான் பிடுங்கினார், போகிற வீட்டையும் அவர்தான் பிடுங்கப் போகிறார். மழை பிடித்துக்கொண்டது. அன்றைக்குச் சாயங்காலம் வேதாவுக்கு இழுப்பு வந்தது. மகளை மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து முதுகைத் தடவிக்கொண்டே சுவரைப் பார்த்தாள். இன்னும் கொஞ்ச நாளில் அந்தச் சுவரும் அவளுக்கு இல்லை. மைதானம், சேறு, வண்டிக்கு அடியில் ஓடும் தண்ணீர். இந்த வருஷம் குழந்தை தாங்க மாட்டாள் என்று அவளுக்குத் தெரிந்தது. யாரும் சொல்லத் தேவையில்லை. கையில் முதுகெலும்பு ஒவ்வொன்றாகத் தட்டுப்பட்டது.

ஆணியில் இரண்டு பழைய கயிறுகள் தொங்கின. விற்ற மாடுகளின் கயிறுகள்.

"மாட்டைத்தான் குடுத்துட்டியே, கயிறு எதுக்கு?" என்றாள், பேச்சுக்கு.

"மாட்டை விக்கலாம், கயித்தைக் குடுக்கக் கூடாதுமே" என்றான் காசி. "வாங்கறவன் புதுக் கயிறு கொண்டாந்து கட்டிக்குவான். பழைய கயிறு நம்மகிட்டயே இருந்துட்டா வூட்டு லட்சுமி போவாது. எவ்ளோ கஷ்டப்பட்டு விக்கறவனும் அதை வுட மாட்டான்."

பாஞ்சாலையின் கை மகளின் முதுகில் நின்றது. கூரையைப் பழித்தபோது பேசாமல் இருந்தாளே அந்த எல்லம்மாள். சுவரைப் பழித்தபோதும் பேசவில்லை. கதவைத் தட்டியபோதுதானே எழுந்தாள்? துண்டு அதற்குப் பிறகுதானே வந்தது?

மறுநாள் காலை தூறலில், வேதாவைச் சாக்கால் போர்த்தித் தூக்கிக்கொண்டு அவள் தனியாகப் போனாள். எல்லம்மாள் ஒரு துணியால் கதவுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தாள்.

"எங்க உன் தரகு? துண்டைத் தோய்க்கப் போயிருக்கானா?"

"அது பண்ணது தப்புங்கம்மா. அதுக்கு மாட்டைத் தவிர ஒண்ணும் தெரியாது."

"வெலை பேச வந்திருந்தா போயிடு. ராமதாஸ் ஏழாயிரம் தரேன்றான்."

"கதவு நல்லா இருக்குதும்மா" என்றாள் பாஞ்சாலை.

எல்லம்மாளின் கை ஓடிக்கொண்டே இருந்தது. கதவைப் பார்த்தபடியே சொன்னாள். "ஆரணியில ஒரு பழைய வூட்டை இடிச்சாங்க. அங்க எங்க வூட்டுக்காரரு கூலி வாங்காம வேலை செஞ்சாரு, அதுக்குப் பதிலு இதைத் தாங்கன்னு. தேக்கு. அந்தக் கதவைத் தலையணை மாதிரி வச்சிக்கிட்டு வண்டியில படுத்து வந்தாரு. கதவு வந்தப்புறந்தான் வூடு கட்டினோம்." துணியை மடித்தாள். "உன் புருசன் இதை அடுப்புல வைக்கச் சொல்றான். ராமதாஸும் இடிக்கறப்ப அதைத்தான் பண்ணுவான்."

"நீங்க எடுத்துக்குங்கம்மா."

"எதை?"

"கதவை. வூட்டை எங்களுக்குக் குடுங்க. கதவை நீங்களே வச்சிக்குங்க. மாட்டை வித்தா கயித்தைக் குடுக்க மாட்டாங்க இல்லியா, அந்த மாதிரி."

எல்லம்மாள் அவளை முதன்முதலாக நேராகப் பார்த்தாள். மகள் வீட்டில் இன்னும் வாசலுக்குக் கதவு வைக்கவில்லை, தட்டிதான். மருமகன் வாயைத் திறந்து ஒன்றும் கேட்டதில்லை. ஆனால் வெறுங்கையோடு போய் உட்கார அவளுக்கு மனசில்லை. இதெல்லாம் பாஞ்சாலைக்குப் பிறகுதான் தெரிந்தது. அப்போது எல்லம்மாள் கேட்டது ஒன்றுதான்.

"எவ்ளோ தருவே?"

"ஐயாயிரம்."

"கதவைச் சொல்லி மூவாயிரம் கொறைக்கப் பாக்கறே."

"ஆமாம்மா" என்றாள் பாஞ்சாலை. "இருக்கறதே அவ்ளோதான். ஆனா மொத்தமும் இன்னிக்கே கையில. தீபம் முடிஞ்சி பாக்கலாம்னு சொல்ல மாட்டோம்."

எல்லம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உம் புருசனைவிட நீ பெரிய தரகா இருக்கியே." அந்த நேரம் பார்த்து வேதா இருமினாள். இருமல் இழுப்பாக மாறியது. எல்லம்மாளின் முகம் சட்டென்று இறுகியது.

"புள்ளையைக் காட்டி வெலை பேசாத."

"காட்டலம்மா. வுட்டுட்டு வர எடமில்ல."

அதைச் சொல்லிக்கொண்டே பாஞ்சாலை சாக்கை மகளின் தலைக்கு மேல் இழுத்துவிட்டாள். மழை கொஞ்சம் வலுத்தது. எல்லம்மாள் நகர்ந்து கதவைத் திறந்து பிடித்தாள். "உள்ள வா. அந்த மூலையில உக்காரு, அங்கதான் ஒழுகாது."

"தெரியும்மா" என்றாள் பாஞ்சாலை.

பேச்சு அதோடு முடிந்துவிடவில்லை. எல்லம்மாள் கதவோடு நிலையும் வேண்டும் என்றாள். இப்போது நிலையைப் பெயர்த்தால் மேலே இருக்கிற மண் சுவர் குழந்தை தலையில் விழும் என்றாள் பாஞ்சாலை. நிலை இல்லாமல் கதவை வைத்து நான் என்ன பண்ணுவேன் என்றாள் அவள். கடைசியில், கதவு இப்போது, நிலை தை பிறந்து சுவர் காய்ந்த பிறகு என்று முடிந்தது. கதவைக் கீழ்பென்னாத்தூரில் கொண்டுபோய் இறக்குவது காசியின் பொறுப்பு. "ஒரு கீறல் வுழக் கூடாது. அவனே தூக்கணும்" என்றாள் எல்லம்மாள்.

பத்திரம் எழுதுகிறவர் பேனாவை நிறுத்திவிட்டுக் கேட்டார். "கதவு நீங்கலாகவா? இன்னாம்மா, கதவில்லாத வூட்டை எவனாவது வாங்குவானா?"

"எழுதுங்க" என்று இரண்டு பெண்களும் ஒன்றாகச் சொன்னார்கள்.

காசி வண்டியின் கூண்டைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிட்டு, ஒரு நாளைக்கு மாடு இரவல் வாங்கி, கதவை வைக்கோல் மேல் படுக்கவைத்துக் கொண்டுபோனான். வழி முழுக்க எல்லம்மாள் அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லையாம். இறக்கி வைத்த பிறகு, "துண்டு எங்க?" என்று மட்டும் கேட்டாளாம். "பொண்டாட்டி எரிச்சிட்டா" என்றானாம் இவன்.

கொடியேற்றத்துக்கு முதல் நாள் குடிவந்தார்கள். பாயும் இரண்டு அண்டாவும் வந்தன. காசு ஒன்றும் மிச்சமில்லை. காசி பழைய நுகத்தடியைச் சாய்த்துப் பின் சுவருக்கு முட்டுக் கொடுத்தான். ஓடு இல்லாத இடத்தில் பனையோலை போட்டான். வாசலில் கதவு இருந்த இடம் ஆளுயர ஓட்டையாக நின்றது. குளிர்காற்று நேராக உள்ளே வந்தது. முதல் நாளே வேதாவின் நெஞ்சு கத்த ஆரம்பித்தது. கூரைக்காகக் கதவைக் கொடுத்துவிட்டோமே, மழைக்குப் பயந்து பிள்ளையைக் காற்றில் கொண்டுவந்து போட்டுவிட்டோமே என்று பாஞ்சாலை வாசலில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்தாள். முதுகு எவ்வளவு காற்றை மறைக்கும்?

காசி வாசலின் அகலத்தைக் கையால் அளந்தான். பிறகு மூங்கில் கூண்டை எடுத்து வந்து வாசலில் நிமிர்த்தி வைத்தான். நிலைக்குள் முக்கால்வாசி அடைத்தது. சந்தில் சாக்கைத் திணித்தான். ஆணியில் மாட்டத் தூக்கி வந்த அந்த இரண்டு கயிறுகளால் கூண்டை நிலையோடு இறுக்கிக் கட்டினான்.

தீபத்தன்றும் மழை. சாயங்காலம் மலை உச்சியில் தீபம் ஏறியபோது ஊரே "அரோகரா" என்று கத்தியது. அவர்களுக்குச் சத்தம்தான் கேட்டது. தீபத்தைப் பார்க்க வேண்டுமானால் கூண்டை அவிழ்க்க வேண்டும். பாஞ்சாலை அவிழ்க்கவில்லை. பின் சுவரின் உப்பலைப் பார்த்தபடி, காய்ந்த மூலையில் தூங்குகிற மகளின் மூச்சை எண்ணாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். இழுப்பு இருந்தது. நேற்றைவிடக் கம்மி.

அப்போது வெளியே யாரோ கூண்டைத் தட்டினார்கள். "அம்மா, ஒரு ஓரமா எடம் கெடைக்குமா? கைக்கொழந்தை நனையுது. எவ்ளோன்னாலும் குடுத்துடறோம்."

'எவ்ளோன்னாலும்' என்பது காதில் விழுந்ததும் காசி நிமிர்ந்தான். அவன் கை தோளுக்குப் போயிற்று. அங்கே துண்டு இல்லை.

"கையை எறக்குயா" என்றாள் பாஞ்சாலை. எழுந்து கூண்டுப் பக்கம் போய்ச் சத்தமாகச் சொன்னாள். "வாடகைக்கு இல்லிங்க. பின்பக்கம் சுவரு சரியில்ல, பாதி எடம் ஒழுகுது. காஞ்ச மூலையில எம்பொண்ணு படுத்திருக்கா, அதை மட்டும் கேக்காதீங்க. மத்த எடத்துல வந்து உக்காருங்க."

பிறகு காசியைப் பார்த்தாள். அவன் ஏற்கெனவே கயிற்றில் கை வைத்திருந்தான். நனைந்த முடிச்சு இறுகிப்போய் விரலுக்கு வரவில்லை. பல்லால் கடித்து இழுத்தான்.

"கொஞ்சம் இருங்க" என்றாள் பாஞ்சாலை வெளியே நிற்பவர்களிடம். "கதவு தெறக்க நேரமாவும்."